கொலாபாவில் காந்தம் பார்த்தவர்கள்



போன வாரம் ஒரே செய்தி மூன்று பேரிடமிருந்து வந்தது. "இன்று இரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை சூரியப் புயல். செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள். நாசாவே சொல்லிவிட்டது" என்று. அனுப்பியவர்களில் ஒருத்தி என் அண்ணன் மகள். "அத்தை, நீங்கதான் ராத்திரி முழுக்க போனைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க, அதான் அனுப்பினேன்" என்கிறாள். இன்னொருவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் படித்தவன், இன்று பொறியாளர். பெயரைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகுட்டிக்காரன்.

தலைமாட்டில் இருக்கும் போனைச் சூரியப் புயல் ஒன்றும் செய்யாது. உங்களையும் செய்யாது. அது கை வைப்பது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிகளிலும், வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலும். ஆனால் சூரியப் புயல் என்பது கட்டுக்கதை அல்ல. அதற்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அதில் பம்பாய்க்குப் பெரிய இடம் உண்டு. நம் பொதிகை மலைக்கும் சின்னதாக ஓர் இடம் உண்டு. நீளமாகத்தான் எழுதப்போகிறேன். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

1859 செப்டம்பர் 1, வியாழக்கிழமை. லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில் என்ற ஊர். ரிச்சர்ட் காரிங்டன் என்பவர் அங்கே சொந்தச் செலவில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டி வைத்திருந்தார். அப்பா பீர் காய்ச்சும் தொழிலில் சம்பாதித்தவர்; மகன் அந்தப் பணத்தில் சூரியனைப் பார்த்தார். வயது 33. சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும் அல்லவா? அதனால் தொலைநோக்கியின் பின்னால் ஒரு திரையை வைத்து, அதில் விழும் பிம்பத்தைப் பார்த்துக் கரும்புள்ளிகளை வரைவார். சூரிய கிரகணத்தன்று பள்ளி மைதானத்தில் அட்டையில் ஊசித் துளை போட்டு உங்களுக்குக் காட்டினேனே, அதற்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 11.18 மணி. வழக்கம்போல ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டத்தை வரைந்துகொண்டிருக்கிறார். திடீரென்று அதற்குள்ளே இரண்டு இடங்களில் வெள்ளை வெளேரென்று ஒளி வெடித்தது. திரையில் எங்கோ ஓட்டை விழுந்து வெயில் நேராக உள்ளே வருகிறது என்றுதான் முதலில் நினைத்தார். அப்படி இல்லை என்று தெரிந்ததும், சாட்சிக்கு யாராவது கிடைப்பார்களா என்று ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் ஒளி பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. 11.23-க்கு ஒன்றுமே இல்லை. மொத்தம் ஐந்து நிமிடக் கூத்து. நல்லவேளையாக, லண்டனின் ஹைகேட் பகுதியில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இன்னொருவரும் அதே நேரத்தில் அதையே பார்த்திருந்தார். இல்லையென்றால் யார் நம்பியிருப்பார்கள்?

சுமார் பதினேழரை மணி நேரம் கழித்து, பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி அது பூமிக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அப்போது நள்ளிரவு. துருவப் பகுதியில் மட்டும் தெரிய வேண்டிய வண்ண ஒளி கியூபா, ஜமைக்கா, ஹவாய்த் தீவு வரை இறங்கி வந்தது. ராக்கி மலையில் முகாம் போட்டிருந்த தங்கம் தோண்டுகிறவர்கள், விடிந்துவிட்டது என்று எழுந்து காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டினார்களாம். மணி அப்போது ஒன்று.

தந்தி அலுவலகங்களில்தான் உண்மையான கலவரம். அந்த வாரத்தில் வந்தது இரண்டு புயல்கள்; ஆகஸ்ட் 28 இரவே முதலாவது வந்துவிட்டது. அதில் வாஷிங்டனில் ஒரு தந்தி ஊழியரின் நெற்றியிலிருந்து கருவிக்குத் தீப்பொறி பாய்ந்தது. செப்டம்பர் 2 காலையில் பாஸ்டன், போர்ட்லாந்து என்ற இரண்டு ஊர்களின் ஊழியர்கள் ஒரு வேலை செய்தார்கள். கம்பியில் கூடுதல் மின்சாரம் ஓடி இடைஞ்சல் செய்கிறதே என்று, இரண்டு பக்கமும் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிய பிறகும் தந்தி போனது! சுமார் இரண்டு மணி நேரம் பேட்டரியே இல்லாமல், வானத்திலிருந்து வந்த மின்சாரத்திலேயே செய்தி அனுப்பிக்கொண்டார்கள். காந்தப் புலம் மாறினால் கம்பியில் மின்னோட்டம் உண்டாகும் என்ற ஃபாரடே விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கம்பிச் சுருளுக்குள் சட்டக் காந்தத்தை நான் விட்டு எடுக்க, கால்வனாமீட்டரின் முள் துள்ளுவதைப் பார்த்துக் கைதட்டினீர்களே, அதேதான். இங்கே பூமிதான் காந்தம், தந்திக் கம்பிதான் சுருள்.

இதுவரை சொன்னது பல புத்தகங்களில் இருப்பது. காரிங்டன் நிகழ்வு என்றே அதற்குப் பெயர். நான் சொல்ல வந்தது இதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கதை. அந்தப் புயல் எவ்வளவு பெரியது? அதை அளந்தது யார்?

லண்டனில் கியூ, கிரீனிச் என்ற இரண்டு இடங்களிலும் அன்று உலகத்திலேயே நவீனமான காந்தக் கருவிகள் இருந்தன. தொங்கும் காந்தத்தில் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் விளக்கொளி பட்டுத் தெறித்து, மெதுவாகச் சுழலும் புகைப்படத் தாளில் கோடு போடும். மனிதன் பக்கத்தில் இருக்கவே வேண்டாம், தானாகவே எழுதும். காரிங்டனே சில நாள் கழித்துக் கியூவுக்குப் போய் அந்தத் தாளைப் பார்த்தார். தாம் ஒளியைக் கண்ட அதே நிமிடத்தில் கோட்டில் ஒரு சின்னத் துள்ளல் இருந்ததையும் கண்டார். ஆனால் பெரிய புயல் வந்தபோது என்ன ஆயிற்று? காந்தம் அவ்வளவு தூரம் ஆடியதில் ஒளிப்புள்ளி தாளை விட்டே வெளியே போய்விட்டது. விளிம்பு வரை கோடு இருக்கிறது. அதற்குப் பிறகு வெற்றுத்தாள்.

பம்பாயில் அந்த வசதி இல்லை. தெற்கு முனையான கொலாபாவில் கிழக்கிந்தியக் கம்பெனி 1826-இல் கட்டிய ஆய்வகம் அது. அங்கே காந்தம் இழையில் தொங்கும். அதில் கண்ணாடி இருக்கும். தள்ளி வைத்த சிறு தொலைநோக்கி வழியாக, கண்ணாடியில் தெரியும் அளவுகோலின் எண்ணை ஒரு மனிதர் தம் கண்ணால் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சாதாரண நாளில் மணிக்கொரு முறை. காந்தம் நிலைகொள்ளாமல் ஆடினால் கால் மணிக்கு ஒரு முறை, இன்னும் மோசமானால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை.

செப்டம்பர் 2, பம்பாய் நேரம் காலை பத்து மணியை நெருங்கும்போது காந்தம் துள்ளியது. பதினொரு மணியளவில் தலைகுப்புற விழுந்த மாதிரிச் சரிந்தது. இன்றைய அலகில் சொன்னால் சுமார் 1600 நானோடெஸ்லா. பம்பாயில் பூமியின் கிடைமட்டக் காந்தப் புலத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போனது என்று பொருள். நான்கு பங்குதானே என்று நினைக்காதீர்கள். சாதாரண நாளில் அந்த ஆட்டம் சில பத்து நானோடெஸ்லாதான். பட்டப்பகல், வானத்தில் வண்ணமும் இல்லை, ஒளியும் இல்லை. வெளியே கொலாபாவில் வண்டி மாடுகள் போய்க்கொண்டிருந்திருக்கும். உள்ளே ஒருவர் அளவுகோலின் எண்களைப் பார்க்கிறார், எழுதுகிறார், மறுபடி பார்க்கிறார். சரிந்ததையும் எழுதினார்கள், ஏறியதையும் எழுதினார்கள்.

அந்த நோட்டுத்தான் நிலநடுக்கோட்டுப் பக்கத்து நாடுகளிலிருந்து அந்தப் புயலுக்குக் கிடைத்த அருமையான சாட்சி. புயல் நேரத்தில் பூமியைச் சுற்றி வளையமாக ஒரு மின்னோட்டம் ஓடும். அதன் பலத்தை ஐரோப்பாவை விடப் பம்பாய் போன்ற ஊரில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். வடக்கே போகப் போக, துருவ ஒளியோடு வரும் வேறு மின்னோட்டங்கள் கலந்து குழப்பும். சரியான இடத்தில், சரியான நேரத்தில், கண்ணை எடுக்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

எதற்காக உட்கார்ந்திருந்தார்கள்? சூரியனுக்காக அல்ல. கப்பலுக்காக. திசைகாட்டி ஊசி சரியான வடக்கைக் காட்டுவதில்லை. அதன் விலகல் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடலை ஆண்ட நாட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. எட்வர்ட் சபைன் முதலானவர்கள் நச்சரித்ததில், 1840-களில் உலகமெங்கும் காந்த ஆய்வகங்கள் முளைத்தன. கம்பெனி தன் பங்குக்குச் சென்னை, சிம்லா, சிங்கப்பூர், பம்பாய் ஆகிய இடங்களில் தொடங்கியது. கொலாபாவில் 1841-இல் காந்தம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஓர்லேபார் என்ற பேராசிரியரின் கீழ் அங்கே உதவியாளராகச் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் கேரோ லக்ஷ்மண் சத்ரே. பிற்பாடு பெரிய கணித ஆசிரியராகிப் புனேயில் பால கங்காதர திலகருக்கே பாடம் நடத்தினார். 1859-க்குள் அவர் கொலாபாவை விட்டுப் போய்விட்டார். ஆனாலும் அவரைப் போன்ற உள்ளூர்ப் பையன்கள் ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு அளவுகோல் படித்துப் பழகிய இடம் அது என்பதற்காகச் சொல்கிறேன். புயலுக்குக் காரிங்டன் பெயர் வைத்தார்கள், தப்பில்லை. அளந்தவர்கள் பெயரில் ஒன்றும் இல்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் 1837-இல் ஓர் ஆய்வகம் தொடங்கியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. ஆமாம், கச்சேரிகளில் நாம் கேட்கும் அதே சுவாதித் திருநாள். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனைப் பக்கமாகப் போகிறது என்பதால் காந்தம் பார்க்க அது தோதான ஊர். 1852-இல் அங்கே ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்றார். மனிதருக்கு ஒரு சந்தேகம். உயரத்தில் போய்ப் பார்த்தால் காந்தம் வேறு மாதிரி ஆடுமா? பக்கத்தில் உயரம் எது? அகத்தியர் மலை. பாபநாசத்துக்காரர்கள் தினமும் அண்ணாந்து பார்க்கும் நம் பொதிகை உச்சி. சுமார் 6200 அடி உயரத்தில், யானைக் காட்டுக்கு மேலே, 1850-களில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக் காந்தத்தைத் தொங்கவிட்டார். பிற்பாடு திருவனந்தபுரக் கணக்கையும் அகத்தியர் மலைக் கணக்கையும் சேர்த்துப் புத்தகமாகவே போட்டார். அகத்தியர் வடக்கையும் தெற்கையும் சமன் செய்ய வந்த கதை நமக்குத் தெரியும். அவர் மலையில் வடக்கு எது என்று ஊசி வைத்துப் பார்த்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரவுன் கண்டுபிடித்ததில் இரண்டு விஷயம் முக்கியம். பூமியின் காந்த பலம் நாளுக்கு நாள் ஏறி இறங்குவது உலகம் முழுவதும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே நடக்கிறது என்பது ஒன்று. அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 26 நாளுக்கு ஒரு முறை திரும்பி வருகிறது என்பது இன்னொன்று. சூரியன் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றுவதாக நமக்குத் தெரிவதும் அதே அளவு நாட்களில்தான். புரிகிறதா, எங்கே போகிறது என்று?

இதற்கு முன்பே ஜெர்மனியில் ஷ்வாபே என்ற மருந்துக்கடைக்காரர் பல ஆண்டுகள் கரும்புள்ளிகளை எண்ணி, அவை சுமார் பத்தாண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைவதை 1843-இல் சொல்லியிருந்தார். 1852-இல் சபைன் காந்த ஆய்வகக் கணக்குகளைக் கூட்டிக் கழித்து, காந்தக் கொந்தளிப்பும் அதே சுழற்சியில்தான் போகிறது என்று காட்டினார். பிறகு காரிங்டன் கண்ட ஒளி, மறுநாளே புயல். இத்தனைக்குப் பிறகு சூரியனுக்கும் பூமியின் காந்தத்துக்கும் தொடர்பு உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. இன்னும் நாற்பத்தைந்து ஆண்டு இழுத்தது.

இழுத்தவர்களில் பெரியவர் கெல்வின் பிரபு. வெப்பநிலை அளவில் வருகிறாரே, அவரேதான். 1892-இல் ராயல் சொசைட்டியின் தலைவராகப் பேசும்போது அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மிதமான ஒரு காந்தப் புயலைச் சூரியன் உண்டாக்க வேண்டுமானால், வழக்கமாக நான்கு மாதத்தில் ஒளியாகவும் வெப்பமாகவும் செலவிடும் ஆற்றலை எட்டே மணி நேரத்தில் செலவிட வேண்டும். நடக்கிற காரியமா? ஆகவே கரும்புள்ளிக்கும் காந்தப் புயலுக்கும் இருப்பதாகச் சொல்லும் பொருத்தமெல்லாம் வெறும் தற்செயல் என்று முடித்துவிட்டார். இத்தனைக்கும் கப்பல் திசைகாட்டியைத் திருத்தி அமைத்துப் பேரும் பணமும் சம்பாதித்தவர் அவர்!

கெல்வினைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நான் சிரிக்க மாட்டேன், காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சூரியக் கரும்புள்ளியின் தலையில் எல்லாவற்றையும் கட்டினார்கள். வியாபார நெருக்கடிக்குக் கரும்புள்ளி காரணம் என்று ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் எழுதினார். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிச் சொல்லி நடுங்கினார்களே, 1876-78 பஞ்சம், அதற்கும் கரும்புள்ளி குறைந்ததுதான் காரணம் என்று வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி 1877-இல் எழுதினார். ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோது துறைமுகத்தில் தானியம் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கரும்புள்ளி என்ன செய்யும்? சூரியன் மீது பழி போட்டால் சர்க்கார் மீது பழி இல்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆனாலும் இதில் ஒரு நன்மை விளைந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் மழையை முன்கூட்டிச் சொல்லலாம் என்ற அந்த நம்பிக்கை, கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் வருவதற்கு ஒரு காரணமாயிற்று. 1899-இல் அமைந்த அந்த ஆய்வகத்தில்தான் எவர்ஷெட் 1909-இல், கரும்புள்ளிக்குள் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். சுற்றுலா போனபோது வெளிவாசலில் நின்று ஐஸ்கிரீம் கேட்டவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆக, கரும்புள்ளி–காந்தம் என்பதும் கரும்புள்ளி–பஞ்சம் என்பதும் ஒரே காலத்தில், ஒரே மாதிரிப் பொருத்தம் பார்த்துச் சொன்ன இரண்டு கூற்றுகள். ஒன்று நின்றது, மற்றது விழுந்தது. எதை வைத்து முடிவாயிற்று? பெரிய மனிதர் வாக்கை வைத்தல்ல. கணக்கு நோட்டை வைத்து. கிரீனிச்சில் மாண்டர் என்பவர் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட காந்தப் பதிவுகளை எடுத்து உட்கார்ந்தார். ஒரு புயல் வந்தால் 27 நாள் கழித்து இன்னொன்று, சில சமயம் அதற்கும் 27 நாள் கழித்து மற்றொன்று என்று வரிசையாக வருவதை 1904-இல் காட்டினார். பிரவுன் சொன்ன அதே சுழற்சி. சூரியனின் ஒரு குறிப்பிட்ட இடம் திரும்பத் திரும்ப நம்மை நோக்கும்போது புயல் வருகிறது என்றால், சூரியனிலிருந்து ஏதோ ஒரு திசையில் மட்டும் பீறிட்டு வருகிறது என்றுதானே அர்த்தம்? கெல்வின் கணக்கில் பிழை இல்லை. அவர் வைத்த அனுமானம்தான் இடறியது. சூரியன் எல்லாப் பக்கமும் காந்த ஆற்றலை வீசுகிறது என்று எடுத்துக்கொண்டார். சுற்றிலும் கொட்டும் மழையின் கணக்கைக் குழாய்த் தண்ணீருக்குப் போட்ட மாதிரி.

இன்று நமக்குத் தெரிந்தது இவ்வளவு. சூரியன் சில சமயம் கோடிக்கணக்கான டன் மின்னேற்ற வாயுவை மேகம் போலத் தூக்கி எறிகிறது. அந்த மேகத்துக்குள்ளேயே காந்தப் புலமும் இருக்கும். அந்தப் புலம் தெற்கு நோக்கி இருந்தால், வடக்கு நோக்கிய பூமியின் புலத்தோடு எதிரெதிராகப் பிணைந்து கதவு திறந்துகொள்ளும். உள்ளே ஆற்றல் புகுந்துவிடும். வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் உரசிக்கொண்டு போய்விடும்.

கொலாபாவை நடுவில் விட்டுவிட்டேன். பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் ஆய்வகத்துக்கு ஆபத்து வந்தது. டிராம் கம்பியின் மின்சாரமே காந்தத்தை ஆட்டிவிடும். அப்போது கொலாபாவின் இயக்குநர் என்.ஏ.எஃப். மூஸ் என்ற பார்சி. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். பிறந்த ஆண்டு 1859! அவர் கடலுக்கு அக்கரையில், டிராம் தொட முடியாத அலிபாகில், காந்தத்தன்மை இல்லாத கல்லும் மரமும் செம்பும் பித்தளையும் கொண்டு புது ஆய்வகம் கட்டினார். ஓர் இரும்பு ஆணி கூடக் கூடாது. கட்டி முடித்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் காந்தம் பார்த்து, பழைய கணக்குக்கும் புதுக் கணக்குக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சரிபார்த்த பிறகே கொலாபாவில் நிறுத்தினார். ஊர் மாறினாலும் தொடர் அறுபடவில்லை. 1910-இல் கொலாபாவின் அறுபது ஆண்டுக் கணக்கை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த மனிதர் அவர்தான். பதிவேட்டில் ஒரு நாள் விடுபட்டாலும் தூக்கம் வராத ஜாதி.

அந்த நோட்டுகளின் அருமை எப்போது தெரிந்தது? 2003-இல். அமெரிக்காவின் சுருதானி, பிரேசிலின் கொன்சாலஸ், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் லகினா, சோபனா அலெக்ஸ் ஆகிய நால்வர், 1859-இன் கொலாபா பதிவை எடுத்து இன்றைய அலகுக்கு மாற்றி வெளியிட்டார்கள். 144 ஆண்டு கழித்து உலகம் அந்த எண்ணைப் பார்த்தது. அவ்வளவு செங்குத்தான சரிவு முழுவதும் வளைய மின்னோட்டத்தால் வந்ததா, வேறு ஏதும் சேர்ந்ததா என்று அறிஞர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை. மணிக்கணக்கில் சராசரி எடுத்தால் எண் வெகுவாகக் குறையும் என்கிறார்கள். வாதம் செய்யவாவது ஓர் எண் இருக்கிறதே!

அந்த எண் ஏன் வேண்டும் என்பதற்குக் கியூபெக் கதை ஒன்று போதும். 1989 மார்ச் 13, விடிகாலை 2.44. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரம் வடக்கே வெகு தொலைவிலுள்ள அணைகளிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கம்பியில் வருகிறது. அடியில் பழம்பாறை, மின்னோட்டத்தை எளிதில் விடாது. அதனால் புயலில் உண்டான மின்னோட்டம் கம்பியைப் பிடித்துக்கொண்டது. 92 நொடி. ஒன்றரை நிமிடத்தில் மாகாணம் முழுவதும் இருட்டு. 60 லட்சம் பேர், கொட்டும் குளிரில், ஒன்பது மணி நேரம். அந்தப் புயலின் அளவு 589 நானோடெஸ்லா. பம்பாய் எண் 1600. இரண்டும் வேறு வேறு முறையில் கணக்கிட்டவை. நேருக்கு நேர் வைத்து மூன்று மடங்கு என்று சொல்லக் கூடாது. ஆனாலும் மின்வாரியங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் செயற்கைக்கோள் செய்கிறவர்களும் இருப்பதிலேயே மோசமானது எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போது, எடுத்துக்கொள்ளும் உதாரணம் 1859தான்.

நம் ஊர் கிரிட் அப்படிப் படுத்துவிடும் அபாயம் வடநாடுகளை விடக் குறைவு. ஆனால் செயற்கைக்கோளுக்கு அட்சரேகை பார்த்துச் சேதம் வராது. 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணப் புயல். காற்று மண்டலம் சூடாகி உப்பியதில், அப்போதுதான் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 விழுந்து எரிந்தன. 2024 மே மாதம் வந்தது பெரியது. சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அந்த இரவு லடாக்கின் ஹான்லேயில் உள்ள கேமராக்களில் செந்நிறத் துருவ ஒளி பதிவாயிற்று. அங்கே ஆய்வகம் நடத்துவது, கொடைக்கானலையும் நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்.

கடைசியாக நம் பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. சூரியனைக் கவனிக்க இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, நம் செங்கோட்டைக்காரர். அங்கேயே அரசுப் பள்ளியில் படித்தவர். 2023 செப்டம்பர் 2 அன்று அதை ஏவினார்கள். கொலாபாவில் காந்தம் சரிந்ததும் அதே செப்டம்பர் 2. இதை வேண்டுமானால் கெல்வின் பிரபு சொன்னபடி வெறும் தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் பக்கமாக அது நிற்கிறது. அதில் இருக்கும் கருவிகளில் ஒன்று காந்தமானி. சூரியன் வெடிப்பதைத் தொலைநோக்கியில் பார்த்துவிடலாம். மேகம் எப்போது வந்து சேரும் என்பதையும் ஓரளவு கணிக்கலாம். ஆனால் அதற்குள் இருக்கும் காந்தம் வடக்கு நோக்கியா, தெற்கு நோக்கியா என்பதை இங்கிருந்து பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அது அந்தக் கருவியைக் கடக்கும்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு பூமிக்கு வந்து சேர அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அலிபாகில் இப்போதும் காந்தம் பார்க்கிறார்கள்.